பழைய காருக்கு இன்ஷூரன்ஸ்: கொட்டேஷன்களை எப்படி ஒப்பிடுவது?

மேசைமேல் மூன்று கொட்டேஷன்கள். ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஒரே வருடம். ஆனால் மூன்று தாளிலும் அடியில் இருக்கும் தொகை மட்டும் வேறு வேறு. முதல் தடவை வாங்குகிறவர் என்ன செய்வார்? இருப்பதிலேயே குறைந்த தொகை உள்ள தாளை எடுத்து வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கசக்கிப் போடுவார். நானும் அதைத்தான் செய்தேன். என் காருக்கு அப்போது வயது 11. எட்டு மாதம் கழித்து ஒரு பார்க்கிங்கில் திரும்பும்போது தூணில் உரசி முன்பக்க பம்பர் உடைந்தது, அதை ஒட்டிய ஃபெண்டர் நசுங்கியது. ஒர்க்‌ஷாப்பில் போட்ட எஸ்டிமேட்டை 100 என்று வைத்துக்கொண்டால், இன்ஷூரன்ஸிலிருந்து வந்தது 45. யாரும் என்னை ஏமாற்றவில்லை. எல்லாம் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது. மீதி 55 எங்கே போனது என்பதைக் கீழே வரி வரியாகச் சொல்கிறேன். பழைய காருக்கான இன்ஷூரன்ஸில் பாதி விஷயம் அந்த 55-க்குள் அடங்கிவிடும்.

கட்டுரை முழுக்க இதே மாதிரி 100-ஐ வைத்தே கணக்குப் போடுகிறேன். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் பணத்தில் மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: யாருக்காக இந்தப் பாலிசி என்று பிரித்துப் பாருங்கள்

கார் இன்ஷூரன்ஸ் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது இரண்டு தனித்தனிச் சரக்கு. ஒன்று, உங்கள் காரால் மற்றவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு. இதைத்தான் தேர்ட் பார்ட்டி என்கிறோம். இன்னொன்று, உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கு. இந்தியாவில் இதற்கு ஓன் டேமேஜ் என்று பெயர். அமெரிக்காவில் இதையே மேலும் இரண்டாக உடைத்து, மோதலுக்கு கொலிஷன் என்றும் திருட்டு, தீ, வெள்ளம், மரம் விழுவது போன்றவற்றுக்கு காம்ப்ரிஹென்சிவ் என்றும் விற்கிறார்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் காம்ப்ரிஹென்சிவ் என்றால் எல்லாம் சேர்ந்த முழுப் பாலிசி. அமெரிக்காவில் அது மோதல் சேராத ஒரு துண்டு மட்டுமே. வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் யோசனை கேட்கும்போது இதே சொல்லால் இரண்டு பேரும் வேறு வேறு சரக்கைப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

தேர்ட் பார்ட்டியைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 146. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1927-லேயே கட்டாயமாக்கிவிட்டது. இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் உண்டு.

பழைய கார் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு இங்கேதான். “வண்டியே பழசு, இதுக்கு எதுக்கு நல்ல இன்ஷூரன்ஸ்?” என்று சொல்லி, இருப்பதில் மலிவான தேர்ட் பார்ட்டியை எடுத்துவிடுவார்கள். உங்கள் காரின் விலை குறைந்துவிட்டது உண்மைதான். அது மோதப்போகும் எதிர் காரின் விலையோ, அதில் உட்கார்ந்திருப்பவரின் ஆஸ்பத்திரிச் செலவோ உங்கள் காரின் வயதைப் பார்த்துக் குறையாது. 15 வயதுக் காரும் போன மாதம் வாங்கிய காரும் மோதினால் மோதல் ஒன்றுதான். ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் சொந்தச் சேதத்துக்கான பகுதியில் பிடியுங்கள். மற்றவருக்கான பகுதியில் கை வைக்காதீர்கள்.

அந்தப் பகுதியில் பார்க்க வேண்டியது உச்சவரம்பு. பிரிட்டனில் உயிர், உடல் சேதத்துக்கு வரம்பு கிடையாது. இந்தியாவிலும் அப்படியே, தீர்ப்பாயம் சொல்லும் தொகையை நிறுவனம் கொடுக்க வேண்டும். ஆனால் மற்றவரின் பொருள் சேதத்துக்குத் தனியார் கார் பாலிசியில் 7.5 லட்சம் ரூபாய் வரைதான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு குறைந்தபட்ச வரம்பு உண்டு. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் அது 30/60/15 என்று உயர்ந்தது. ஒருவரின் காயத்துக்கு 30 ஆயிரம் டாலர், ஒரு விபத்தில் எல்லோருக்கும் சேர்த்து 60 ஆயிரம், பொருள் சேதத்துக்கு 15 ஆயிரம் என்று அர்த்தம். அதற்கு மேல் போனால் உங்கள் பொறுப்பு. 15 ஆயிரம் டாலரில் இன்று ஒரு புதுக் காரை வாங்கிவிட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். வரம்பை ஒரு படி உயர்த்தக் கூடுதலாக எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலும் நீங்கள் பயந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

படி 2: கார் இன்று என்ன விலைக்குப் போகும்?

நீங்கள் வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். போன மாதம் போட்ட புது டயரையும் மறந்துவிடுங்கள். கார் மொத்தமாகப் போய்விட்டால் நிறுவனம் கொடுக்கப்போவது இன்றைய மதிப்பு மட்டும்தான்.

அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: பழைய கார் விற்கும் விளம்பரங்களில் உங்கள் மாடல், அதே வருடம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய நாலைந்து வண்டிகளைப் பாருங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. பேரம் முடிந்து கைமாறும் விலை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் தொகையை ஒரு தாளில் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். அந்த விளம்பரங்களின் படத்தையும் எடுத்து வைப்பது நல்லது. பின்னால் நிறுவனம் குறைத்து மதிப்பிட்டால் பேச ஒரு பிடி வேண்டுமல்லவா?

இந்தியாவில் இந்த மதிப்புக்கு ஐடிவி என்று பெயர். காரின் விலைப் பட்டியலிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழித்துக்கொண்டே வருவார்கள். நாலு வருடம் தாண்டி ஐந்துக்குள் இருந்தால் 50 சதவீதம் கழியும். ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டால் பட்டியலே கிடையாது. நிறுவனமும் நீங்களும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான் ஐடிவி. இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய காருக்கு ஐடிவி என்பது பேசித் தீர்க்கிற விஷயம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேறு விதம். அங்கே பொதுவாக விபத்து நடந்த பிறகுதான், அந்த நேரத்துச் சந்தை மதிப்பைக் கணக்கிடுவார்கள். சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் அருமையான பழங்கால வண்டிகளுக்கு மட்டும் முன்கூட்டியே பேசி முடித்த மதிப்பில் தனிப் பாலிசி கிடைக்கும்.

படி 3: சொந்தச் சேதத்துக்குக் காசு கட்டலாமா, வேண்டாமா?

காருக்குக் கடன் பாக்கி இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். கடன் கொடுத்தவர் முழுப் பாலிசிதான் வேண்டும் என்பார், வேறு வழியில்லை.

கடன் இல்லையென்றால் கணக்குப் போடலாம். கார் மதிப்பு 100. சொந்தச் சேதப் பகுதிக்கு வருடத்துக்கு 4 கட்டுகிறீர்கள். டிடக்டிபிள் 10. ஒவ்வொரு கிளைமிலும் முதலில் உங்கள் கையிலிருந்து போக வேண்டிய தொகைதான் டிடக்டிபிள். பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர் பக்கம் இதையே எக்ஸஸ் என்பார்கள். கார் திருடு போனால் உங்களுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 90. அமெரிக்காவில் ஒரு கைக்கணக்கு சொல்வார்கள்: கட்டும் தொகை, கிடைக்கக்கூடியதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் பகுதியை விட்டுவிடலாம். இங்கே பத்தில் ஒரு பங்கு 9. நீங்கள் கட்டுவது 4. வைத்துக்கொள்ளலாம். நாலைந்து வருடம் போகிறது, கார் மதிப்பு 40-க்கு இறங்கிவிட்டது, பிரீமியம் அதே 4-இல் நிற்கிறது என்று வையுங்கள். இப்போது கிடைக்கக்கூடியது 30, அதில் பத்தில் ஒரு பங்கு 3. இனி யோசிக்க வேண்டிய நேரம்.

கார் மதிப்பு இறங்கும் வேகத்தில் பிரீமியம் ஏன் இறங்குவதில்லை என்று கேட்கலாம். பெரும்பாலான கிளைம்கள் முழு நஷ்டம் அல்ல, ரிப்பேர். ஒரு கதவைக் கழற்றி மாட்டும் கூலி காரின் வயதைக் கேட்டுக்கொண்டு வாங்கப்படுவதில்லை.

ஆனால் இந்தக் கைக்கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: நாளைக் காலை கார் இல்லை என்றால், கடன் வாங்காமல் இதே மாதிரி இன்னொன்று வாங்க முடியுமா? முடியும் என்றால் சொந்தச் சேதப் பகுதியை விடலாம். முடியாது, அந்தக் கார் இல்லாவிட்டால் வேலைக்கே போக முடியாது என்றால், கணக்கு என்ன சொன்னாலும் இன்னும் ஒரு வருடம் வைத்திருங்கள். கார் நிற்கும் இடம் மழைக்குத் தண்ணீர் தேங்கும் தாழ்வான தெருவா, பூட்டிய கொட்டகையா என்பதும் கணக்கில் வரும்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. மூன்றாம் நபர் பொறுப்போடு தீ, திருட்டு இரண்டை மட்டும் சேர்த்த பாலிசி பல நாடுகளில் கிடைக்கிறது. அமெரிக்கா மாதிரி இடங்களில் கொலிஷனை மட்டும் விட்டுவிட்டு, விலை குறைந்த காம்ப்ரிஹென்சிவை வைத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அங்கே வெறும் தேர்ட் பார்ட்டி சில சமயம் முழுப் பாலிசியைவிட விலை கூடுதலாக வரும். அதிகம் விபத்துக்குள்ளாகும் ஓட்டுநர்கள் அதையே தேடிப் போனதால் நிறுவனங்கள் விலையை ஏற்றிவிட்டன. எனவே மலிவு என்று நீங்களாகவே முடிவு செய்யாமல் இரண்டுக்கும் விலை கேளுங்கள்.

அந்த 55 எங்கே போனது?

இதைப் படி என்று எண்ண வேண்டாம். ஆனால் கொட்டேஷன் கேட்கும் முன் தெரிந்திருக்க வேண்டும். பழைய காருக்குப் புது உதிரிபாகம் போட்டால் கார் முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் புதுசாகிறது. அந்தக் கூடுதலுக்கு நாங்கள் காசு தர மாட்டோம் என்பது நிறுவனத்தின் வாதம். இந்தியாவில் இதற்குப் பெயர் தேய்மானம், அதாவது டெப்ரிஸியேஷன். மலேசியாவில் பெட்டர்மென்ட், அங்கே கார் ஐந்து வயதைத் தொட்டதும் 15 சதவீதத்தில் தொடங்கி, பத்து வயதிலிருந்து 40 சதவீதம் வரை பாகத்தின் விலையில் உங்கள் பங்காகிவிடும்.

இந்தியப் பட்டியல் இப்படிப் போகும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக்: காருக்கு என்ன வயதானாலும் 50 சதவீதம் கழியும். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புத் தகடு மாதிரியானவை வயதைப் பொறுத்தவை: ஐந்திலிருந்து பத்து வருடம் என்றால் 40, பத்தைத் தாண்டினால் 50.

இப்போது என் எஸ்டிமேட்டுக்கு வருவோம். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் காரைச் சுற்றி வந்து, நசுங்கிய ஃபெண்டரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஒர்க்‌ஷாப் தாளின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதினார். பம்பர் 40, பிளாஸ்டிக், ஆகவே 20. ஃபெண்டர் 30, தகடு, வண்டிக்கு 11 வயது, ஆகவே 15. டிங்கர் வேலை, மாட்டும் கூலி 30. கூலிக்குத் தேய்மானம் கிடையாது, முழுசாக 30. கூட்டினால் 65. சரி, பரவாயில்லை என்று நினைத்தேன். அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டார். கட்டாய டிடக்டிபிள் 5. அதற்கும் கீழே, வாலன்டரி டிடக்டிபிள் 15. “இது நீங்களே கேட்டு வாங்கினது சார்” என்றார். உண்மைதான். பிரீமியம் குறையும் என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தேன். இருப்பதிலேயே குறைந்த கொட்டேஷனாக அது வந்ததற்கு அந்த டிக்தான் காரணம்.

வாலன்டரி டிடக்டிபிள் தப்பு என்று சொல்லவில்லை. சின்ன ரிப்பேரை நானே பார்த்துக்கொள்கிறேன், பெரிய அடிக்கு மட்டும் நீங்கள் வாருங்கள் என்று தெரிந்தே எடுப்பவருக்கு அது நல்ல வழி. தெரியாமல் எடுத்ததுதான் என் தப்பு.

இந்தக் கழிவைத் தவிர்க்க ஜீரோ டெப் என்று ஒரு ஆட்-ஆன், அதாவது கூடுதல் காசுக்குச் சேர்த்துக்கொள்ளும் காப்பு, விற்கிறார்கள். பெரும்பாலும் அது புதுசான கார்களுக்கான சரக்கு. வயது ஏற ஏற நிறுவனங்கள் தரத் தயங்கும். கிடைத்தால் எத்தனை வயது வரை, வருடத்துக்கு எத்தனை கிளைம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முழு நஷ்டம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கார்கள் சட்டென்று டோட்டல் லாஸ் ஆகிவிடும். இந்தியாவில் ரிப்பேர்ச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று கணக்கு. கார் மதிப்பு 40-தான் என்றால், 30-ஐத் தாண்டிய எந்த ரிப்பேரும் காரை முடித்துவிடும். ஓடுகிற நிலையில் இருக்கும் கார்கூட இந்தக் கணக்கில் அடிபட்டுப்போகும். அந்த நேரத்தில் காரை நீங்களே வைத்துக்கொள்ள முடியுமா, அதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்கலாம். பிரிட்டனில் 2017-இலிருந்து இப்படிப்பட்ட வண்டிகளை ஏ, பி, எஸ், என் என்று நாலு வகையாகப் பிரிக்கிறார்கள். கடைசி இரண்டும் ரிப்பேர் செய்து மறுபடி ஓட்டத்தக்கவை.

படி 4: ஒரே தாளிலிருந்து கேளுங்கள்

கொட்டேஷன் கேட்க உட்காரும் முன் ஒரு தாள் தயார் செய்யுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ளபடி மாடல், வேரியன்ட், பதிவு வருடம், என்ஜின் எண், சேஸி எண். பழைய பாலிசியின் முடிவுத் தேதி. கடைசியாகக் கிளைம் எடுத்தது எப்போது. யார் யார் ஓட்டுவார்கள். வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓடும். கேஸ் கிட் மாதிரி ஏதாவது பின்னால் சேர்த்ததா. இத்தோடு நீங்கள் முடிவு செய்த கார் மதிப்பு, டிடக்டிபிள், வேண்டிய வரம்பு. ஒவ்வொரு இடத்திலும் இந்தத் தாளைப் பார்த்தே பதில் சொல்லுங்கள். நினைவிலிருந்து சொன்னால் ஓர் இடத்தில் 8 ஆயிரம் கிலோமீட்டர் என்பீர்கள், இன்னோர் இடத்தில் 12 ஆயிரம் என்பீர்கள். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

பொய் சொல்ல வேண்டாம். வீட்டில் இளம் வயது மகன் ஓட்டுகிறான் என்பதை மறைத்தால் பிரீமியம் குறையும். கிளைம் நாளில் அது வெளியே வரும். போன வருடம் எடுத்த கிளைமை மறைத்தாலும் அப்படித்தான். நிறுவனங்கள் ஒருவரிடம் ஒருவர் விசாரிக்கும்.

நேரடியாக ஒரு நிறுவனம், ஓர் ஏஜென்ட் அல்லது புரோக்கர், ஓர் ஒப்பீட்டுத் தளம்: இந்த மூன்று வழியிலும் சேர்த்து நாலைந்து கொட்டேஷன் போதும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்கிவிடுங்கள். வருடத்துக்கு நடுவில் விலை மாறும். ஒப்பீட்டுத் தளத்தில் போன் நம்பரைக் கொடுத்தால் ஒரு வாரத்துக்கு மதியத் தூக்கம் போய்விடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். தேர்ட் பார்ட்டிக்கான தொகையை அரசே நிர்ணயிக்கிறது. காரின் சிசியைப் பொறுத்து எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். அந்த வரி இரண்டு தாளில் வேறு வேறாக இருந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. போட்டி முழுக்கச் சொந்தச் சேதப் பகுதியிலும் ஆட்-ஆன்களிலும்தான்.

படி 5: தொகையை மூடிவிட்டுப் படியுங்கள்

நான் இப்போது செய்யும் ஒரு சின்னத் தந்திரம்: தாளின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை இன்னொரு தாளால் மூடிவிடுகிறேன். மற்ற வரிகளை நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறேன். கார் மதிப்பு. டிடக்டிபிள், கட்டாயம் எவ்வளவு, நானாக எடுத்தது எவ்வளவு. மற்றவர் பொருள் சேத வரம்பு. ஓட்டுநருக்கான விபத்துக் காப்பு. ஆட்-ஆன்கள் ஒவ்வொன்றும் தனி வரியில். போனஸ் சதவீதம், அதாவது கிளைம் எடுக்காததற்கான தள்ளுபடி. வரி. எல்லா வரியும் நிரம்பிய பிறகுதான் மூடிய தாளை எடுப்பது.

அப்படிச் செய்தால் தெரியவரும் முதல் விஷயம், கார் மதிப்பு. நீங்கள் 100 என்று கேட்டிருப்பீர்கள். ஒரு தாளில் சத்தமில்லாமல் 75 என்று இருக்கும். பிரீமியம் குறைவதற்கு இதைவிடச் சுலபமான வழியில்லை. கார் திருடு போனால் 25 உங்கள் நஷ்டம். அந்தத் தாளைத் திருப்பி அனுப்பி, 100 போட்டு மறுபடி கொடுங்கள் என்று கேளுங்கள். மதிப்பை ஏற்றிக் காட்டினால் லாபம் என்றும் நினைக்க வேண்டாம். சந்தை மதிப்பில் கொடுக்கும் பாலிசியில் நீங்கள் கூடுதலாகக் கட்டியது கட்டியதுதான்.

இரண்டாவது, தேவையில்லாத ஆட்-ஆன்கள். விபத்தில் கார் போனால் முதலில் வாங்கிய பில் தொகையே கிடைக்கும் என்ற ஆட்-ஆன் புதுக் காருக்கானது. சாவி தொலைந்தால், சீட்டில் காபி கொட்டினால் என்றெல்லாம் விற்பார்கள். பழைய காருக்கு உண்மையில் கைகொடுப்பது, நடுரோட்டில் நின்றால் இழுத்துப் போகும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ். அதிலும் எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்று பாருங்கள். வெள்ளம் வரும் இடமென்றால் என்ஜின் புரொடக்‌ஷனைப் பற்றிக் கேளுங்கள்; தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால் சாதாரணப் பாலிசி கைவிரித்துவிடும். பழைய காருக்குத் தருவார்களா என்பதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேய்ந்து போனது, துருப்பிடித்தது, தானாகப் பழுதானது எதுவும் சாதாரணக் கார் பாலிசியில் வராது. கிளட்ச் போனது என்று கிளைம் கேட்க முடியாது.

கடைசியாக, கட்ட நினைக்கும் நிறுவனத்துக்கு ஒரு போன் போடுங்கள். “என் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ், அதாவது பில்லை நீங்களே நேராகக் கட்டும் வசதி? என் கார் வயசுக்கு அங்கே எடுப்பார்களா? உதிரிபாகம் ஒரிஜினலா, வெளியில் செய்ததா?” இந்த மூன்று கேள்விக்கும் தெளிவான பதில் வராத இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் போவதில்லை. விற்கும்போதே பதில் சொல்லாதவர்கள் கிளைம் நாளில் போனையே எடுக்க மாட்டார்கள்.

படி 6: போனஸைக் கணக்கில் எடுங்கள்

கிளைம் எடுக்காமல் ஓட்டினால் வருடா வருடம் தள்ளுபடி கூடும். இந்தியாவில் என்சிபி: 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஐந்து வருடத்தில் ஏறும், சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும். மலேசியாவில் 25-இல் தொடங்கி 30, 38.33, 45, 55 என்று போகும். சிங்கப்பூரில் 10 பத்தாக ஏறி 50.

இது காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்றுவிட்டு வேறு வாங்கினால் போனஸைக் கூடவே எடுத்துப் போகலாம். பழைய கார் வாங்குகிறவர் முந்தைய உரிமையாளரின் போனஸில் ஓட்ட முடியாது. அப்படி விட்டுவிட்டால் கிளைம் நேரத்தில் சிக்கல்.

சின்ன அடிக்குக் கிளைம் எடுக்கலாமா என்பதற்கும் இங்கேதான் விடை. இந்தியக் கணக்கில் பார்ப்போம். சொந்தச் சேதப் பிரீமியம் 8. உங்களுக்கு 50 சதவீதம் போனஸ், ஆகவே கட்டுவது 4. ஒரு கிளைம் எடுத்தால் போனஸ் பூஜ்யமாகிவிடும். அடுத்த வருடங்களில் 8, 6.4, 6, 5.2, 4.4 என்று கட்டி ஆறாவது வருடம்தான் பழைய 4-க்கு வருவீர்கள். கூடுதலாகக் கட்டியதைக் கூட்டினால் 4, 2.4, 2, 1.2, 0.4, ஆக மொத்தம் 10. தேய்மானமும் டிடக்டிபிளும் போக உங்கள் கைக்கு வரப்போவது 10-க்குக் குறைவு என்றால், பேசாமல் கைக்காசில் ரிப்பேர் செய்துவிடுங்கள். காரின் மதிப்பு இறங்க இறங்க இந்தத் தொகைகளும் கொஞ்சம் இறங்கும் என்பதால் சரியாக 10 என்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். என் பம்பருக்கு இந்தக் கணக்கை நான் போடவே இல்லை.

படி 7: தேதி தவறாதீர்கள்

பாலிசி ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த ஒரு நாள் ரோட்டில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். அதோடு, சொந்தச் சேதம் வேண்டுமென்றால் ஆள் வந்து காரைப் பார்க்க வேண்டும், அல்லது நீங்களே மொபைலில் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பழைய கீறல், நசுங்கல் எல்லாம் அதில் பதிவாகும். பின்னால் அவற்றுக்குக் கேட்க முடியாது. இந்தியாவில் 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸும் போய்விடும்.

ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். பழைய நிறுவனம் அனுப்பும் புதுப்பிப்பு நோட்டீஸை வந்த கொட்டேஷன்களில் ஒன்றாக மட்டும் வையுங்கள். பிரிட்டனில் புதியவருக்குக் கொடுக்கும் விலையைவிடப் பழைய வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதியே இருக்கிறது. மற்ற இடங்களில் பேசித்தான் வாங்க வேண்டும். வேறு இடத்தில் வாங்கிய கொட்டேஷனைக் காட்டி “இந்த விலைக்குத் தர முடியுமா?” என்று கேட்டால் சில சமயம் அதே போனிலேயே குறைத்துவிடுவார்கள்.

பாலிசி வந்ததும் பெயர், வண்டி எண், என்ஜின் எண், சேஸி எண், போனஸ் சதவீதம், கேஸ் கிட் இருந்தால் அது பதிவாகியிருக்கிறதா, இவற்றை மட்டுமாவது சரிபாருங்கள். என்ஜின் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அன்றே சொல்லித் திருத்திக்கொள்ளலாம். விபத்துக்குப் பிறகு அது ஒரு வாரப் பாடு. அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே காரை நாலு பக்கமும், ஓடோமீட்டரையும் படம் எடுத்து, நோட்டில் எழுதிய அந்தப் பக்கத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் கொட்டேஷன் கேட்க உட்காரும்போது கார் மதிப்பை மட்டும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினால் பாதி வேலை முடிந்தது.